தூரத்தில் வீடு வாங்கும் முன் அங்கே 11 மாதம் குடியிருந்து பாருங்கள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருந்த வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டேப் பிடித்து அளந்தேன். ஹால் 12 அடிக்கு 11, உள்ளறை 10க்கு 9, சமையலறை 8க்கு 6, குளியலறை 6க்கு 4. கூட்டினால் 294 சதுர அடி. குடிவரும்போது வீட்டுக்காரர் சொன்னது 380. அதற்குள் நான், கணவர், மகள், மாமியார் என்று நாலு பேர். வாஷிங் மெஷின் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நின்றது. ராத்திரி பாய் விரித்துவிட்டால் குளியலறைக்குப் போகிறவர் யாரையாவது தாண்டித்தான் போக வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி. விடியற்காலையில் எழுந்தால் விளக்கைப் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டே போவார், பேத்தியின் தூக்கம் கெடக்கூடாது என்று.

வாடகை 14,500 ரூபாய். அட்வான்ஸ் ஒரு லட்சம். அத்தனை நெருக்கடியிலும் அந்த வீட்டை விட மனசு வரவில்லை. துரைசாமி சுரங்கப்பாதை வழியாக நடந்தால் பாண்டி பஜாரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு இருபது நிமிஷம். கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டை. ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் அரை மணியில் போய் நிற்பேன்.

2023 ஏப்ரலில், சென்னைக்குத் தெற்கே புறநகரான கூடுவாஞ்சேரியில் ஒரு புது அடுக்குமாடியைப் பார்த்தோம். 870 சதுர அடி, இரண்டு படுக்கையறை, அடி 4,900 ரூபாய். "வாடகையாக் கொடுக்கிற பணத்தை ஈ.எம்.ஐ.யாக் கட்டுங்க, வீடு உங்களுக்குச் சொந்தம்" என்றார் புரோக்கர். அன்றைக்கே இரண்டு லட்சம் கொடுத்து புக் செய்யச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, அதே ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து 11 மாதம் குடியிருந்தோம். எங்களைப் போல நகரத்துச் சின்ன வீட்டுக்கும் புறநகர்ச் சொந்த வீட்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன்.

வாடகைக்கு எதிரில் வட்டியை எழுதுங்கள்

வாடகையையும் ஈ.எம்.ஐ.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அது சரியான கணக்கு இல்லை. வாடகை போனால் திரும்பி வராது. அதைப் போலவே திரும்பி வராத செலவு சொந்த வீட்டில் என்னென்ன என்று பார்த்து, அதைத்தான் எதிரில் எழுத வேண்டும்.

நாங்கள் கடைசியில் வாங்கிய வீட்டின் கணக்கையே சொல்கிறேன். 2019இல் கட்டிய, கைமாறி வந்த ஃபிளாட். விலை 36 லட்சம். கடன் 28 லட்சம், 8.5% வட்டி, 20 வருஷம். ஈ.எம்.ஐ. 24,299 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 19,833. அசலில் கழிந்தது 4,466தான். கையிலிருந்து போட்டது 8 லட்சம். பத்திரச் செலவு தனி. முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%: 3,24,000. இந்த 9% விற்பனை விலைக்கா, அரசு வழிகாட்டி மதிப்புக்கா என்று கேட்பார்கள். எது அதிகமோ அதற்கு.

அந்த 11,24,000 ரூபாயை 7% வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் மாதம் சுமார் 6,550 வந்திருக்கும். அதுவும் இழப்புதான். குடியிருப்போர் சங்கத்துக்கு மாதப் பராமரிப்பு 2,200. எல்லாம் சேர்த்தால் முதல் வருஷம் மாதம் 28,500க்கு மேல் திரும்பி வராத பணம். அதே மாதிரி ஃபிளாட்டுக்கு அந்த ஊரில் வாடகை 11,000.

இதை முதலில் எழுதிப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. புரோக்கர் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது. 36 லட்ச வீட்டுக்கு வருஷ வாடகை 1,32,000 என்றால் விலையில் 4% கூட இல்லை. பணத்தை மட்டும் பார்த்தால் அந்த வருஷம் வாடகைதான் மலிவு. அதை மறைத்துப் பேசி யாரையும் வாங்க வைக்க நான் விரும்பவில்லை.

அப்புறம் ஏன் வாங்கினோம்? 14,500 வாடகை வருஷத்துக்கு 7% ஏறினால் பத்தாவது வருஷ முடிவில் 28,500. ஈ.எம்.ஐ. வட்டி விகிதத்தோடு ஏறி இறங்கும், ஆனால் வாடகையைப் போல வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகாது. மாமியாரை இன்னொரு முறை வீடு மாற்ற எங்களுக்கு மனசில்லை. குறைந்தது 15 வருஷம் அங்கேயே இருப்போம் என்ற உறுதி வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். ஏழெட்டு வருஷம் அந்த ஊரில் இருப்போமா என்பதே நிச்சயமில்லை என்றால் வாங்காதீர்கள். மூன்று வருஷத்தில் வேலை மாறி விற்க நேர்ந்தால், பத்திரத்துக்குக் கட்டிய 9% மட்டுமே எங்கள் கணக்கில் மூன்றேகால் லட்சம். அதை எடுக்கவே விலை ஏற வேண்டும்.

வரிச் சலுகையை நம்பி முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு, வாடகைப் படிக்கான கழிவு, இரண்டுமே பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் இரண்டும் கிடையாது. உங்கள் அலுவலகத்தில் எந்த முறையில் வரி பிடிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

870 அடி எப்படி 600 ஆகிறது

முதலில் பார்த்த அந்தப் புது ஃபிளாட்டுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். விற்பனைப் பிரிவுப் பையன் கொஞ்சம் முகம் சுளித்தான், பரவாயில்லை. 870 என்பது மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்த கணக்கு. சுவருக்கு உள்ளே நாம் புழங்கும் கார்பெட் ஏரியா 600தான். 870ஐ 4,900ஆல் பெருக்கினால் 42,63,000. அதை 600ஆல் வகுத்துப் பாருங்கள்: அடி 7,100 ரூபாய். இரண்டு வீட்டை ஒப்பிடும்போது இந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை) சட்டப்படி விற்பனை கார்பெட் ஏரியா அடிப்படையில்தான் நடக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த அளவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கார் நிறுத்த இடத்துக்குத் தனியாக 2,50,000 கேட்டார்கள். எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருந்தது. கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி உண்டு. சென்னை போன்ற பெருநகரத்தில் கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ளும் மொத்த விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1%, அதைத் தாண்டினால் 5%. அந்த மொத்த விலையில் பார்க்கிங் கட்டணமும் சேரும். 42,63,000த்தோடு இரண்டரை லட்சம் சேர்ந்தால் 45,13,000. தாண்டியது 13,000 ரூபாய்தான், ஆனால் வரி 45,000 ரூபாயிலிருந்து இரண்டேகால் லட்சத்துக்குத் தாவுகிறது. இதை அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சீட்டில் எழுதிக் கூட்டும்போதுதான் கண்ணில் பட்டது. நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு இந்த வரி இல்லை.

புக்கிங் பணத்திலும் கவனம் வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10%க்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை. "இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். எங்களுக்கு அந்த "இன்னிக்கு" விலை அடுத்த நாலு மாதமும் போனில் வந்துகொண்டே இருந்தது.

அங்கேயே வாடகைக்கு இருந்த 11 மாதம்

2023 ஜூனில், பள்ளி திறக்கும் நேரம் பார்த்து, கூடுவாஞ்சேரியில் அதே புது அடுக்குமாடியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் 11,000 ரூபாய் வாடகைக்கு வந்தோம். அட்வான்ஸ் 60,000. மாதம் 3,500 மிச்சம். அதைவிட முக்கியம், வாங்கினால் கட்ட வேண்டிய ஈ.எம்.ஐ. 24,300 என்று வைத்துக்கொண்டு, வாடகை போக மீதி 13,300ஐ சம்பளம் வந்த மறுநாளே தொடர்வைப்பில் போட்டேன். 11 மாதத்தில் வட்டி இல்லாமலே 1,46,300 சேர்ந்தது. அந்தத் தொகை இல்லாமல் எங்களால் மாதத்தை ஓட்ட முடிகிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. தீபாவளி மாதம் ரொம்ப இறுக்கமாக இருந்தது. மகள் பள்ளிக் கட்டணம் வந்த மாதமும் அப்படித்தான். ஆனால் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அதனால்தான் வங்கியில் போய் உட்காரத் தைரியம் வந்தது.

பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம், மாம்பலத்துக்கு ரயிலில் ஐம்பது நிமிஷத்துக்கு மேல், அங்கிருந்து ரங்கநாதன் தெருக் கூட்டத்தைக் கடந்து அலுவலகம். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு இருபது நிமிஷம். போக வர நாளுக்கு இரண்டு மணி இருபது நிமிஷம் கூடுதல். மாதம் 25 வேலை நாள் என்றால் 58 மணி நேரம். அந்த நேரத்தை யார் தருகிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வீட்டில் நான்தான் தந்தேன். அதனால் காலைச் சமையல் கணவர் பொறுப்பானது. இந்தப் பேச்சை வாங்கிய பிறகு பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

செங்கல்பட்டு வரை போகும் வண்டிக்கும் தாம்பரத்தோடு நிற்கும் வண்டிக்கும் இருக்கும் வித்தியாசம் வரைபடத்தில் தெரியாது. மாலையில் மாம்பலத்தில் நின்றால் வருகிற வண்டிகளில் பல தாம்பரம்தான். செங்கல்பட்டு வண்டி ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நிற்க வேண்டும். என் வண்டி காலை 7:40 சுமாருக்கு. பெண்கள் பெட்டியில் தினமும் வரும் முகங்கள் பத்து நாளில் பழகிவிட்டன. ஒரு அக்கா பெருங்களத்தூர் தாண்டியதும் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிடுவார். எதிரில் ஒருவர் மடியில் முறம் போல பேப்பரை விரித்து அவரைக்காய் ஆய்வார், ராத்திரிக் குழம்புக்கு. இடம் கிடைத்தால் அந்த ஐம்பது நிமிஷம் எனக்குத் தூக்கம், கிடைக்காவிட்டால் தூண் பிடித்து நிற்பது. நீங்களும் திங்கட்கிழமைக் காலை ஒரு தடவை, மழை பெய்யும் வெள்ளிக்கிழமை மாலை ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய் "ஒரு மணி நேரத்துல வந்துட்டோமே" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

மெட்ரோ வரப்போகிறது, அது வரப்போகிறது, இது வரப்போகிறது என்று சொல்வார்கள். இப்போது ஓடுகிற மெட்ரோ தெற்கே விமான நிலையத்தோடு நிற்கிறது. இன்றைக்கு ஓடுகிற ரயிலுக்கு மட்டும் விலை கொடுங்கள். நாங்கள் அங்கே இருந்தபோதே, 2023 டிசம்பர் 30 அன்று, கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தெற்கே ஊருக்குப் போகிற எங்களுக்கு அது பெரிய வசதி, ஆனால் பண்டிகை நாட்களில் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் நகரவே முடியவில்லை. இரண்டையும் அனுபவித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

தண்ணீர்தான் முடிவைச் செய்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. 2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை டிவியில் பார்த்தவள் நான். தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகும் வழியெல்லாம் அப்போது தண்ணீர். மழை விட்ட மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, நாங்கள் கிட்டத்தட்ட புக் செய்துவிட்ட அந்தப் புது அடுக்குமாடிக்குப் போனேன். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. உள்ளே முழங்கால் தண்ணீர். லிஃப்ட் நின்றுபோயிருந்தது. இரண்டாவது மாடியிலிருந்து ஒரு பெரியவர் கயிற்றில் பையைக் கட்டி இறக்க, கீழே நின்ற பையன் பால் பாக்கெட்டைப் போட்டு அனுப்பினான். நாலு நாள் அந்தத் தண்ணீர் வடியவில்லை. வடிந்த பிறகு காம்பவுண்டு சுவரில் பழுப்பாக ஒரு கோடு. நான் கை வைத்துப் பார்த்தேன், என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே.

நீங்கள் பார்க்கும் தெருவிலும் அந்தக் கோட்டைத் தேடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் எதிர் வீட்டுச் சுவரில், ட்ரான்ஸ்பார்மர் கம்பத்தில் பாருங்கள். மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள்: "2015ல கடைக்குள்ள தண்ணி வந்துச்சாண்ணே?" நேராகச் சொல்லிவிடுவார். ஒன்று சொல்ல வேண்டும், நகரத்துக்குள் இருந்தால் இந்தக் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். மேற்கு மாம்பலத்திலும் மழைக்காலத்தில் வாசல்படி வரை தண்ணீரைப் பார்த்திருக்கிறோம்.

மழையைப் பார்த்தால் போதாது, மே மாதத்தையும் பார்க்க வேண்டும். அதே அடுக்குமாடியின் வாட்ச்மேனிடம் 2024 மே மாதம் பேச்சுக் கொடுத்தேன். "போர்ல உப்புத் தண்ணிதான்கா வருது, அதுவும் ஒரு மணி நேரம்தான். தினம் ரெண்டு லாரி" என்றார். லாரிச் செலவை எல்லா வீட்டுக்கும் பிரிக்கிறார்கள். அதே மே மாதத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் மேடான தெருவில், நகராட்சிக் குழாயிலும் கிணற்றிலும் தண்ணீர் இருந்த ஒரு பழைய ஃபிளாட் விலைக்கு வந்தது. 820 அடி, கார்பெட் 590. அந்தப் பக்கமும் டிசம்பரில் போய்ப் பார்த்திருந்தேன், தெரு காய்ந்திருந்தது. அதைத்தான் ஆகஸ்டில் வாங்கினோம்.

பத்திரம் பார்ப்பது

இதில் அவசரமே கூடாது. 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். தாய்ப்பத்திரம், பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. (கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகள்) ஒப்புதல் வரைபடம், நிறைவுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, ஈபி அட்டை எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். புது வீடு என்றால் ரெரா பதிவு எண். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தால் பதிவு கட்டாயம். பத்திரத்தில் நமக்கு எழுதும் நிலத்தின் பிரிக்கப்படாத பாகம் எவ்வளவு என்று கேளுங்கள். எங்களுக்கு 410 சதுர அடி. கட்டடத்துக்கு வயசாகும், நமக்கு நிற்கப்போவது அந்த மண்தான்.

வங்கி வக்கீல் பார்த்தார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் கடன் பத்திரமாக இருக்கிறதா என்று. நாங்கள் தனியாக ஒரு வக்கீலிடம் காட்டினோம். 1994ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்றில் ஒரு சகோதரியின் கையெழுத்து இல்லை என்று அவர்தான் கண்டுபிடித்தார். விற்றவர் அவரிடம் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கித் தர ஆறு வாரம் ஆனது. காத்திருந்தோம்.

நகரத்திலேயே இருப்பது என்று முடிவானால்

பிள்ளைகள் சின்னவர்கள், இரண்டு பேருக்கும் வேலை நகரத்தில், கையில் பத்து லட்சம் இல்லை என்றால் சின்ன வீட்டில் வாடகைக்கு இருப்பதில் ஒரு குறையும் இல்லை. அட்வான்ஸ் பேசும்போது தெரிந்திருக்க வேண்டியது: தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம். பத்து மாதம் கேட்பது பழக்கம். பேசிக் குறைக்கலாம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். ஈபிக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா என்று கேளுங்கள். சப்-மீட்டர் வீட்டில் அரசு தரும் முதல் 100 யூனிட் சலுகை உங்கள் கைக்கு வராமல் போகலாம். குடிவரும் அன்றே சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மாம்பலத்து வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு வருஷத்துக்கு முன்பே அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

வாங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பத்திரம் பதிவானதும் வேலை முடிந்தது என்று உட்காராதீர்கள். சொத்து வரியும் ஈபி இணைப்பும் நம் பெயருக்கு மாற வேண்டும். நகராட்சிக்கு நான் இரண்டு தடவை, ஈபி அலுவலகத்துக்கு ஒரு தடவை போனேன். பத்திர நகல், விற்றவரின் சம்மதக் கடிதம், பழைய ரசீது மூன்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். விற்றவர் ஊரை விட்டுப் போவதற்குள் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.